சம்பளக்காவுக்குக் கிடைத்த வேலை

டயர் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் சம்பளக்கா. வயதில் மூத்த ஃபோர்மேன்கூட அப்படித்தான் கூப்பிடுவார். யாருக்கு எவ்வளவு லீவு மிச்சம், யாருக்கு ஓவர்டைம் ஏறியிருக்கிறது, யார் பொய் சொல்லி விடுப்பு எடுத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாதக் கடைசியில் அவள் மேஜையைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும்.

"அக்கா, இந்த வாட்டி பிடித்தம் ஜாஸ்தியா இருக்கே?"

அவள் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "மாமியார் செத்துட்டாங்கன்னு போனியே, அந்த லீவுதான். அதே மாமியார் போன வருஷமும் ஒரு தடவ செத்தாங்க. இன்னொரு தடவ செத்தாங்கன்னா நானே மாலை வாங்கிட்டு வரேன்."

கேட்டவன் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுடைய நாற்காலிக்கு உண்மையான கைப்பிடி என்று அவள் நினைத்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் கம்பெனி சம்பள வேலை முழுவதையும் வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்து அவளுக்கு இரு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவள் பொறுமையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் தேநீரும் வாங்கிக்கொடுத்தாள். அவர்கள் எழுந்து போனபோது கம்பெனி அவளையும் போகச் சொல்லிவிட்டது. ஃபோர்மேன் வாசல்வரை வந்தார். "அக்கா, என்னோட கணக்கு சரியா முடிஞ்சிருக்கான்னு அந்தப் பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்" என்றார். தன்னை வழியனுப்ப வந்ததாகத்தான் அவள் முதலில் நினைத்திருந்தாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு.

வீட்டில் மூன்று பேர். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கணவன் ஆற்றங்கரையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில் துணிக் கிடங்குப் பொறுப்பாளன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாம் அழுக்காக வந்து வெளுப்பாகப் போவது அவன் கை வழியாகத்தான். அங்கே அவனுக்கு ஸ்டோர் அண்ணன் என்று பெயர். சாப்பிடும்போதெல்லாம் லாண்டரி பற்றித்தான் பேசுவான். எந்த வார்டு நர்ஸ் விரிப்பைத் திருப்பித் தராமல் பதுக்குகிறாள், எந்த மெஷின் சத்தம் போடுகிறது, எண்ணெய் பாய்லரைத் தூக்கிவிட்டு கேஸ் பாய்லர் வைத்ததில் எவன் கமிஷன் அடித்தான். அவள் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரை அதெல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட முடிந்தது.

வேலை போன பிறகு அவன் குரல் மாறியது. முன்பு "டீ போட்டியா?" என்று கேட்டவன், "சும்மாதானே இருக்க, டீயாவது போடலாமே" என்று சொல்ல ஆரம்பித்தான்.

நூலகத்தின் மாடியில், கம்ப்யூட்டரில் வேலை தேடக் கற்றுக்கொடுக்கும் ஓர் இலவச வகுப்பு நடந்தது. நடத்தியவள் முன்பு ஆள் எடுக்கும் ஏஜென்சியில் இருந்தவள். ஒல்லியான உடம்பு, கரகரத்த தொண்டை. யார் எதைக் கேட்டாலும் "மேற்கோள் போட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்பாள். அதனால் மேற்கோள் டீச்சர் என்று பெயர் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் புத்தி இல்லாத வேலையாள். சொன்னத அப்படியே செய்யும்" என்று அவள் முதல் நாள் சொன்னாள். "சம்பளக் கிளார்க்னு சும்மா அடிச்சீங்கன்னா, ஒரு மூலைல சம்பளம்னு இருந்தாலும் தூக்கிட்டு வரும், இன்னொரு மூலைல கிளார்க்னு இருந்தாலும் தூக்கிட்டு வரும். ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடுங்க. அந்த ரெண்டு வார்த்தையும் ஒட்டிக்கிட்டு நிக்கிறத மட்டும் கொண்டுவரும். அப்புறம் மூணு வார்த்தை இருக்கு. ஆண்ட் போட்டா ரெண்டும் வேணும்னு அர்த்தம். ஆர் போட்டா ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும். நாட் போட்டா அது இருக்கிற எதையும் என் கண்ணுல காட்டாதன்னு அர்த்தம். அடைப்புக்குறி போட்டா, மொதல்ல உள்ள இருக்கிறதப் பாத்துட்டு அப்புறம் வெளிய வா. அவ்வளவுதான். இதுக்கு மேல மந்திரம் ஒண்ணும் இல்ல."

சம்பளக்காவுக்கு இது கற்கண்டாக இனித்தது. கணக்குச் சூத்திரங்களோடு காலம் தள்ளியவள். ஒரே வேலைக்கு ஊரில் எத்தனை பெயர் இருக்கிறது என்று யோசித்து யோசித்து எழுதினாள். ஒரு கம்பெனி "பேரோல் உதவியாளர்" என்னும், இன்னொன்று "ஊதியப் பிரிவு எழுத்தர்" என்னும், மூன்றாவது "மனிதவள நிர்வாகி" என்று பட்டுத்துணி போர்த்திவிடும். எல்லாவற்றையும் ஒரு அடைப்புக்குறிக்குள் ஆர் போட்டு அடுக்கினாள். பிறகு ஆண்ட் போட்டு ஊரின் பெயர். பிறகு நாட் போட்டு விற்பனை, கமிஷன், இரவு ஷிப்ட்.

ஒரு தடவை டீச்சர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "நாட் போடும்போது கை கொஞ்சம் நடுங்கணும்மா. 'இந்த வேலையில் விற்பனை இலக்கு கிடையாது'ன்னு நல்லவன் ஒருத்தன் எழுதியிருப்பான். நீங்க விற்பனைக்கு நாட் போட்டா அவனும் போயிருவான்."

அன்று நாட் என்பதை எடுத்துவிட்டுத் தேடினாள். அப்படித்தான் ஒரு நல்ல விளம்பரம் கிடைத்து நேர்முகத்துக்கும் போனாள். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம்.

"உங்களவிடச் சின்னவங்களுக்குக் கீழ வேலை செய்யச் சங்கடமா இருக்குமா, மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"எங்களுக்கு இருக்கும்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லிக் கோப்பை மூடினான்.

அதற்குப் பிறகும் போன் வரும். அனுபவத்தைக் கேட்டு ஆகா என்பார்கள். வயதைச் சொன்னதும் எதிர்முனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். தேடலில் அவள் கை தேறத் தேற, ஊரில் இருக்கும் எல்லா வேலைகளும் அவளுக்குத் தெரிந்தன. ஒன்றுகூட அவளைத் தெரிந்துகொள்ளவில்லை.

அவளைக் குத்திக்காட்டுவதற்குக் கணவன் நாள் பார்த்ததில்லை. ஆனால் அவன் தங்கை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாக்குக்குத் தனிச் சுறுசுறுப்பு வந்துவிடும். தங்கை நல்லவள்தான். அண்ணனுடைய பேச்சுக்குச் சிரித்தே பழகிவிட்டவள்.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, சம்பள வேலையை மட்டும் பிடித்துத் தொங்கினால் காரியம் ஆகாது என்று அவளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரிகளில் கிடங்குக் கணக்கு எழுத ஆள் வேண்டியிருக்குமே. சாப்பாட்டு மேஜையில் வருஷக்கணக்காகக் காதில் விழுந்த வார்த்தைகள் தாமாக விரலுக்கு வந்தன. ஆஸ்பத்திரி ஆண்ட், அடைப்புக்குறிக்குள் லாண்டரி ஆர் "துணிக் கிடங்கு" ஆர் "விரிப்பு இருப்பு", வெளியே ஆண்ட், மறுபடி அடைப்புக்குறிக்குள் கிளார்க் ஆர் பொறுப்பாளர், கடைசியில் நாட் நர்ஸ்.

ஒரே ஒரு விளம்பரம் வந்தது.

ஆஸ்பத்திரியின் பெயர் இல்லை. ஆற்றங்கரையில் இருக்கும் முன்னணி மருத்துவமனை என்று மட்டும் இருந்தது. மூன்று கிளைகளின் துணிகளையும் ஒரே இடத்தில் துவைக்கும் லாண்டரி. புதிதாக கேஸ் பாய்லர் பொருத்தப்பட்டது. துணிக் கிடங்குக்கு ஒப்பந்த அடிப்படையில் பொறுப்பாளர் தேவை. வயது வரம்பு இல்லை, பெண்களுக்கு முன்னுரிமை. கடைசி வரி: "தற்போதைய பொறுப்பாளர் விலகுவதால் இப்பணியிடம் காலியாகிறது."

அவளுக்குக் காது மடல் சூடானது. முதலில் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது வேறொன்று. அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கை சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கீங்களா?"

பதில் அவளிடமிருந்து வரும் முன்பே அவன் முந்திக்கொண்டான். "தேடுறா, தேடுறா. காலைல எழுந்தா ஆண்ட் ஆண்ட்னு ஜபம். ஆண்டுதான் ஒண்ணு முடியப்போகுது, வேலையக் காணோம்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"நான் ஒரு நாள் லீவு போட்டா ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டர் பனியனோட நிக்கணும். இவ இத்தன மாசமா லீவுல இருக்கா. உலகம் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. நீ பாத்தியா, எங்கயாவது நின்னுச்சா?"

மகள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சம்பளக்கா கையைக் கழுவவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இடது கையால் போனை எடுத்தாள்.

"ஒரு வேலை கண்ணுல பட்டுச்சு."

"அட! என்ன வேலை?"

"உங்க வேலை."

விளம்பரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள். சம்பளச் சீட்டு படிக்கும் அதே குரல்.

"வேற ஏதோ ஆஸ்பத்திரி" என்றான் அவன்.

"ஆத்தங்கரைல, மூணு கிளை துணியையும் ஒரே எடத்துல தொவைக்கிற, கேஸ் பாய்லர் போட்ட வேற ஆஸ்பத்திரி இருந்தா சொல்லுங்க. அதுலயும் தேடிப் பாக்கறேன்."

"அண்ணி, சாப்புடற நேரத்துல இதெல்லாம்..." என்று தங்கை இழுத்தாள்.

அவன் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். நன்றாக, ஆசை தீரப் பார்த்தாள்.

தங்கை எதிரில் இப்படி ஆகாமல் இருந்திருந்தால் அவன் பேசாமல் இருந்திருப்பான். சத்தம் இல்லாமல் யாரையாவது பிடித்து, காலைக் கையைப் பிடித்து ஏதாவது செய்திருப்பான். இப்போது மானப் பிரச்சனை ஆகிவிட்டது. திங்கட்கிழமை காலை சட்டையை அழுத்தித் தேய்த்துப் போட்டுக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனான். அங்கே நடந்ததை, வாசலுக்கு வெளியே விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் கேட்டிருக்கிறாள். லாண்டரியில் அவளை மடிப்பக்கா என்பார்கள். வாய் பேசும்போதும் கை மடிக்கும்.

"சார், என் எடத்துக்கு ஆள் எடுக்கறீங்கன்னு விளம்பரம் வந்திருக்காம். என் பொண்டாட்டி சும்மா ஏதோ உளறுறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவ வாய அடைச்சிருவேன்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தாராம். பிறகு, "பேர் போடாமத்தானே குடுத்தோம். எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார். உண்மையிலேயே வியந்துபோய்க் கேட்டாராம்.

"சார்..."

"இருப்பு எடுத்து முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தோம். அதுவரைக்கும் நீங்க நிம்மதியா இருந்திருக்கலாம். இப்போ தெரிஞ்சுபோச்சு. வேலை போகுதுன்னு தெரிஞ்ச ஆள் கைல கிடங்குச் சாவி இருக்கக் கூடாதுங்கிறது மேல போட்ட விதி. தப்பா எடுத்துக்காதீங்க."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். காவலாளி கேட்வரை கூட வந்தான். பெயர் சொல்லிச் சிரித்துப் பேசும் காவலாளிதான். அன்று அவன் பையைத் திறந்து காட்டச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தவன் சத்தம் போடவில்லை. செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"இந்த ஊர்ல எத்தனையோ வேலை கெடக்கு. தேடித் தேடி எம் வேலையத்தான் கண்டுபிடிச்சியா?"

நீங்களாகப் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

இரண்டு அறை வீட்டில் வேலை இல்லாத இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகினார்கள். அவன் முன்னறையில் இருந்தால் அவள் சமையலறையில். அவள் வெளியே வந்தால் அவன் மாடிக்கு. விஷயம் கேள்விப்பட்டு தங்கை வந்து அழுதுவிட்டுப் போனாள். போகும்போது, "அண்ணி, அன்னிக்கு நீங்க வாயத் தொறக்காம இருந்திருக்கலாம்" என்றாள்.

வழி சொன்னவள் மகள்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த விளம்பரம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நீ அப்ளிகேஷன் போடு."

"என்னடி பேசற? அது அப்பாவோட வேலை."

"இருந்துச்சு. இப்ப இல்ல. எப்படியும் யாரோ ஒருத்தர் அந்தச் சீட்ல உக்காரத்தான் போறாங்க. அந்தச் சம்பளம் நம்ம வீட்டுக்கு வந்தா என்ன? எனக்குப் படிப்பு முடிக்கணும்மா."

அவள் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. வாளியில் மிச்சம் இருந்த துணிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சம்பளக்கா நூலகத்திலிருந்து விண்ணப்பம் அனுப்பினாள். இந்த முறை உடனே கூப்பிட்டார்கள். மேனேஜர் விலாசத்தைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி விலாசத்தைப் பார்த்தார்.

"அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "சூப்பர்மா. வர்றவங்களுக்கு வேலை பழக்க ஒரு ஆள் போடணுமேன்னு யோசிச்சிட்டிருந்தேன். உங்க வீட்டுலயே வாத்தியார் இருக்காரு. நாளைக்கே வந்துருங்க."

வீட்டில் சொன்னபோது கணவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து, பாத்திரங்களை முன்கூட்டியே எடுத்து உள்ளே வைத்திருந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு, சொல்லித்தரேன்" என்றான்.

அன்று மாலை முழுக்கச் சொல்லிக்கொடுத்தான். வெள்ளை மூட்டை வார்டு, பச்சை மூட்டை தியேட்டர், சிவப்பு மூட்டை தொற்று நோயாளிகளுடையது. எந்த நர்ஸிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த லிஃப்ட் பாதியில் நிற்கும். இவ்வளவு கனிவாக அவன் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. கடைசியில் அவன் சொன்னான்: "முக்கியமானது ஒண்ணு. செவப்பு மூட்டையிலதான் நெறைய திருட்டு போகும். மெஷின்ல போடறதுக்கு முன்னாடி அவுத்து எண்ணச் சொல்லிரு. எண்ணாம உள்ள விடாத."

முதல் வாரத்திலேயே அவள் அப்படிச் சொன்னாள். மடிப்பக்கா மட்டும் தயங்கினாள்.

"ஸ்டோர் அண்ணன் இருந்தப்ப செவப்ப அவுக்க மாட்டோமேம்மா. பையோட அப்படியே மெஷின்ல போட்டுருவோம்."

சம்பளக்காவுக்கு அந்த "ஸ்டோர் அண்ணன் இருந்தப்ப" சுருக்கென்று தைத்தது. வந்ததிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வழியில் பார்த்தால் "வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொள்ளும் அதே ஆட்கள், இப்போது மேடம் என்று சொல்லி விலகி நின்றார்கள்.

"இப்ப நான்தானே இருக்கேன். அவுத்துருங்க" என்றாள்.

மடிப்பக்கா அவிழ்த்தாள். கசங்கிய விரிப்புக்குள் யாரோ விட்டுப்போன ஊசி ஒன்று இருந்தது. அது அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது.

சிவப்பு மூட்டையை யாரும் கையால் தொட்டுப் பிரிக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி சட்டம். விசாரணைக்கு மேனேஜரும் தலைமை நர்ஸும் உட்கார்ந்தார்கள். கையில் கட்டோடு மடிப்பக்கா ஒரு பக்கம், சம்பளக்கா எதிர்ப் பக்கம்.

"யார் அவுக்கச் சொன்னது?"

"மேடம்தான் சொன்னாங்க" என்றாள் மடிப்பக்கா.

எல்லோரும் சம்பளக்காவைப் பார்த்தார்கள். மகள் துணி எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. எதிரே உட்கார்ந்து சிரித்த அந்த இருபத்தைந்து வயதுக்காரன் ஞாபகம் வந்தான். போன்களில் கேட்ட காற்றுச் சத்தம் ஞாபகம் வந்தது.

"நான் சொல்லல. எண்ணிப் போடுங்கன்னு பொதுவாத்தான் சொன்னேன். செவப்ப அவுக்கச் சொல்லல."

இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு விதி தெரியாதா என்று தலைமை நர்ஸ் மடிப்பக்காவைக் கேட்டாள். தெரியும் என்று சொன்னாலும் குற்றம், தெரியாது என்று சொன்னாலும் குற்றம். அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சம்பளக்கா பையைக்கூட வைக்காமல் கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க அப்படிச் சொல்லிக்குடுத்தீங்க?"

அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை எடுக்கவில்லை.

"நீதான் தேடுறதுல புலியாச்சே. மேற்கோள் போட்டுத் தேடிப் பாத்திருக்கலாமே?"

மடிப்பக்காவின் ரத்தத்தில் தொற்று ஒன்றும் இல்லை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அது உறுதியாகும்வரை அவள் மகள் தன் கைக்குழந்தையை அவளிடம் தூக்கக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனி. சம்பளக்கா தன்னால் ஆனது என்று நினைத்து, உட்கார்ந்து தேடினாள். "துணி மடிப்பு" ஆர் லாண்டரி ஆர் தையல், ஆண்ட் "முன் அனுபவம்", நாட் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை நாட் போடும்போது அவள் கை நடுங்கத்தான் செய்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோட்டலில் நல்ல வேலை இருந்தது. போன் செய்து சொன்னாள்.

மறுமுனையில் மடிப்பக்கா முழுவதும் கேட்டுக்கொண்டாள். "நீங்க எனக்குத் தேட வேணாம்மா" என்றாள். "நீங்க தேடினா யாராவது வேலையவிட்டு வீட்டுக்குப் போகணும்." போனை வைத்துவிட்டாள். ஹோட்டல் வேலைக்கு அவள் போகவில்லை. வேறு எங்கே போனாள் என்று லாண்டரியில் யாரும் சம்பளக்காவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

கணவனுக்கு எங்கும் வேலை அமையவில்லை. ஐம்பது தாண்டிய ஆளுக்குக் கிடங்குகளில் பையன்கள்தான் போட்டி. அவன் விளம்பரம் எதையும் தேடவில்லை, அந்தப் பக்கமே திரும்பமாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தான். கடைசியில் கிளைகளிலிருந்து அழுக்குத் துணி ஏற்றிவரும் வேன் காண்டிராக்டரைப் பிடித்தான். பழைய பழக்கம். காண்டிராக்டர் அவனை மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. அவள் தெரிந்துகொண்டது லாண்டரியின் பின்வாசலில். வேன் பின்னோக்கி வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஊதா யூனிஃபார்மில் ஓர் ஆள் குதித்தான். அவள் கையில் பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் தோளில் மூட்டையை ஏற்றிக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"எங்க எறக்கணும், மேடம்?"

மடிக்கிறவர்கள், மெஷின்காரர், மற்றொரு லோடுமேன், எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. ஏங்க என்று வீட்டில் கூப்பிடுவதுபோல அங்கே கூப்பிட முடியாது. மற்ற லோடுமேன்களைக் கூப்பிடுவதுபோல ஏப்பா என்றும் கூப்பிட முடியாது. அவனை அழைக்க அந்த இடத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை இல்லை.

"அந்த ஓரத்துல வைக்கணும்" என்றாள், யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

"சரிங்க மேடம்."

அவள் ஒரு சுற்று எண்ணி முடித்தபோது சிட்டையில் போட்டிருந்ததைவிட ஒரு மூட்டை குறைந்தது. மேனேஜர் மாடி ஜன்னலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுபடி எண்ணச் சொன்னாள். அவன் எல்லா மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இடம் மாற்றி எண்ணினான். வியர்வை யூனிஃபார்மைத் தாண்டி வந்தது. இந்த முறை சரியாக இருந்தது. தப்பு அவள் எண்ணியதில்தான். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அங்கே பொறுப்பாளர்கள் லோடுமேன்களிடம் மன்னிப்புக் கேட்பதில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் அவன் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். "மேடம், துண்டு எங்க இருக்கு?" "மேடம், கரண்ட் பில் கட்டியாச்சுங்களா?" நீ என்ற வார்த்தையே அவன் வாயிலிருந்து போய்விட்டது. மகள் முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். சில நாள் கழித்து, அப்பா பேச ஆரம்பித்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படிப்பு முடிந்ததும் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எப்படித் தேடினாள் என்று அம்மா கேட்டதற்கு, "தெரிஞ்சவங்க மூலமா" என்று மட்டும் சொன்னாள்.

மகள் போன பிறகு ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது சம்பளக்கா கேட்டாள்.

"போதும்ங்க. இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவன் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தான்.

"சரிங்க மேடம்" என்றான்.